ஆயுத பூஜையன்று கழுவிய ஃபில்டர்

ஆஸ்டின் டவுன்,
பெங்களூர்.
அக்டோபர் 4

அன்பு மகள் வீணாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். உன் கடல்மீன் தொட்டிதான் சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் பேசி எட்டு மாதம் ஆகிறது. அந்தமானுக்கு வேலைக்குப் போகிறேன் என்று நீ பெட்டி கட்டியபோது, கல்லுக்கும் புழுவுக்கும் காவல் காக்கவா உன்னை எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்கவைத்தேன் என்று கேட்டேன். க்ளப் ஆபீசில் உனக்காகச் சொல்லி வைத்திருந்த வேலையை நீ வேண்டாம் என்றது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அந்த வீம்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, அதையும் மறைக்கவில்லை. ஆனால் தப்பு செய்தவன் வீம்பு பிடிக்கக் கூடாது. தப்பு என்னுடையது, அதனால் நானே சொல்ல வேண்டும். ஞாயிறு போனில் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

புதன்கிழமை ஆயுத பூஜை. க்ளப்பில் காலையிலேயே பம்ப் அறையைக் கழுவிவிட்டு, மோட்டார்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்தேன். உனக்குத் தெரியும், இருபத்தொன்பது வருஷமாக அந்த நீச்சல்குளத்துக்கு நான்தான் ஆபரேட்டர். ஒரு நாள்கூட அந்தத் தண்ணீர் பச்சையானது கிடையாது. அந்தக் கர்வத்தோடு வீட்டுக்கு வந்து ஸ்கூட்டர், மிக்சி, அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் வரிசையாகத் துடைத்தேன். கடைசியில் தொட்டியின் பின்பக்கம் தொங்குகிற ஃபில்டர் கண்ணில் பட்டது. அதுவும் ஓடுகிற மெஷின்தானே? ஆயுத பூஜையன்று ஒரு மெஷினைக் கழுவாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

தொட்டியை நீ அம்மாவிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போனாய், என்னிடம் இல்லை. அவளும் நீ எழுதிக்கொடுத்தபடி தீனி போட்டு, குறைந்த தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பி, ஒழுங்காகத்தான் பார்த்துவந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு முழுக்கப் பழுப்பு. அதற்குக் கீழே இருந்த பீங்கான் வளையங்கள் ஒவ்வொன்றின் மேலும் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. இதன் வழியாகவா தண்ணீர் சுத்தமாகிறது என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு படித்தவளுக்கு ஒரு ஃபில்டரைக் கழுவத் தெரியவில்லையே என்று உன்னையும் திட்டினேன்.

வீட்டில் ஒரு கேன் க்ளோரின் எப்போதும் இருக்குமே. ஒரு பக்கெட்டில் அதைக் கலந்து, பஞ்சையும் வளையங்களையும் அரை மணி நேரம் ஊறவைத்தேன். பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாயடியில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை அலசினேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நீ சிமெண்டில் செய்து, மொட்டை மாடி டிரம்மில் நாலு மாதம் ஊறப்போட்டுத் தொட்டிக்குள் அடுக்கினாயே, அந்தக் கற்களில் இரண்டை எடுத்து, மேலே படிந்திருந்த ஊதா நிறக் கறையைக் கம்பி பிரஷால் சுரண்டிவிட்டேன். மூன்றாவது கல்லுக்குக் கை நீட்டும்போது, நேரமாகிறது, கற்பூரம் ஏற்ற வேண்டும் என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். அவள் கத்தியதால் மீதி ஐந்து கற்கள் தப்பித்தன. ஃபில்டர் மோட்டாருக்குக் குங்குமம் வைத்து ஓடவிட்டேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்துத்தான் அன்று சாப்பிட உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் தண்ணீர் அரிசி களைந்த மாதிரி இருந்தது. ஆரஞ்சு மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பொத்தான் பொத்தானாக விரிகிற உன் பவளங்கள் ஒன்றுவிடாமல் மூடிக்கொண்டன. சிவப்புக் கோடு போட்ட இறால் ஒரு மூலையில் ஒண்டிக்கிடந்தது. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, உன் குறிப்பின் தலைப்பில் நீ எழுதியிருந்த ஈஜிபுரா க்ளெனின் வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன். மீன் விற்கிறவன்தானே என்று சற்று அலட்சியமாகத்தான் போனேன். அவன் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, மருந்து சொட்டு விட்டான். மஞ்சளாக இருந்தால் நல்லதாம். என்னுடையது கரும்பச்சை ஆனது. அம்மோனியா என்றான். மீனின் கழிவிலிருந்தே வருகிற விஷமாம்.

என்ன செய்தேன் என்று சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டான். "அய்யோ அங்கிள், நீங்க ஃபில்டரைக் கழுவல. ஒரு ஊரையே காலி பண்ணிட்டீங்க" என்றான். அந்தக் கொழகொழப்புதான் ஃபில்டராம். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் அந்த வளையங்களிலும் கற்களிலும் குடியிருந்து, விஷம் வர வர அதைத் தின்றுகொண்டிருந்தனவாம். பஞ்சும் மோட்டாரும் அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வேலைக்காரர்கள் மட்டும்தானாம். கற்களில் நான் சுரண்டிய ஊதாக் கறையும் உயிர்தானாம். கிருமி என்றால் கொல்ல வேண்டியது, அதற்குத்தான் சம்பளம் என்று இத்தனை வருஷம் இருந்தவன் வீணா, நான்.

வீட்டுக்கு வந்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் நீ ஒட்டியிருந்த குறிப்பை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருக்கிறாய்: பஞ்சையும் வளையங்களையும் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும் என்று. ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும்.

நடந்தது இதுதான். எதுவும் மறைக்கவில்லை. என்னால் முடிந்ததைச் செய்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெருமாள்சாமி


ஆஸ்டின் டவுன்,
பெங்களூர்.
அக்டோபர் 13

அன்பு மகள் வீணாவுக்கு,

முந்தின கடிதம் உன் தீவுக்கு வந்து சேர்ந்ததோ இல்லையோ தெரியாது. வாரத்துக்கு ஒரு படகு என்று அம்மா சொன்னாள். சேராவிட்டாலும் கதையைப் பாதியில் விட எனக்கு மனமில்லை.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன மீன் போன வெள்ளிக்கிழமை, பத்தாம் தேதி, போய்விட்டது. மல்லிகைத் தொட்டியில் புதைத்தேன். பெரியது இருக்கிறது, ஆனால் தீனி எடுக்க மனமில்லாமல் சுற்றுகிறது. அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "உங்க க்ளப்பு குளம்னு நினைச்சீங்களா? அதுல மனுசங்க குளிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. இது இங்கயே குடியிருக்குது இல்ல?" என்றாள்.

இனி நடந்ததைக் கேள். நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? பெரிய ஃபில்டராக ஒன்று வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று. பம்ப், ஃபில்டர் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை பார். க்ளென் கடையில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். வாளி மாதிரி மூடியிருக்கிற பெரிய ஃபில்டர் ஒன்று எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நல்ல மோட்டார், நல்ல அழுத்தம். ஆனால் அதை மாதக்கணக்கில் திறக்காமல் விட்டால் உள்ளே சிக்கிய அழுக்கு அங்கேயே அழுகி, மறுபடி தண்ணீரில்தான் கலக்கும் என்றான். இன்னொன்று, தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்துத் தண்ணீரை இறக்கி ஏற்றுவது. நம் ஹாலில் அதற்கு இடமில்லை, அம்மா என்னையே வெளியே வைத்துவிடுவாள்.

கடைசியில் அவன் சொன்ன கணக்கு எனக்குச் சரியாகப் பட்டது. கண்ணுக்குத் தெரியும் குப்பையைப் பிடிக்க உன் தொங்கும் ஃபில்டரே போதும், அதில் பஞ்சை மட்டும் வாரம் இரண்டு முறை மாற்ற வேண்டும். கரைந்த அழுக்குக்கு நுரை எடுக்கிற ஸ்கிம்மர் ஒன்று. மற்றதெல்லாம் கற்களின் வேலை. கற்களைச் சுற்றித் தண்ணீர் எங்கும் தேங்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். ரெண்டரை அடித் தொட்டிக்கு இதற்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்து, பெரிய ஃபில்டரைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஸ்கிம்மரும் பஞ்சும் கடையில் கிடைக்கும். செத்துப்போன ஊருக்குக் குடிகளை எங்கே வாங்குவது? க்ளென் தன் சொந்தத் தொட்டியிலிருந்து, இரண்டு வருஷமாகக் கடல்நீரில் கிடக்கும் வளையங்களை ஒரு வலைப் பையில் போட்டுக் கொடுத்தான். காயக் கூடாது, சூடாகக் கூடாது, சீக்கிரம் கொண்டுபோய்விடுங்கள் என்றான். வேறு பாத்திரம் இல்லாமல் என் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி, அவன் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, அதில் பையை முக்கி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஈஜிபுரா சிக்னலில் ஆட்டோ நின்றது நின்றதுதான். மடியில் தூக்கை வைத்துக்கொண்டு, நொடிக்கொருதரம் மூடியைத் திறந்து விசிறினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஏன் சார், உள்ள என்ன சாம்பாரா?" என்று கேட்டான். உயிர் என்றேன். அப்புறம் அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் வண்டியை மட்டும் சந்து சந்தாக விரட்டினான்.

அன்றிலிருந்து தினமும் காலை டியூட்டிக்கு முன்னால் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுகிறேன். முந்தின நாளே ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்துச் சின்ன மோட்டார் போட்டுச் சுற்றவிடுகிறேன். உப்பு அளக்கிற குழாய்க்குள் அந்தக் கோடு எனக்குத் தெரியவில்லை, அம்மாதான் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சொல்கிறாள். கோபமாக இருந்த இரண்டு நாளும் அந்த எண்ணை மட்டும் சொன்னாள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கிம்மர் முதல் நாலு நாள் சும்மா குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. சரி, சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் ஸ்கிம்மரின் மேல் கிண்ணத்தில் டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. நாற்றம் என்றால் நாற்றம், ஹாலில் நிற்க முடியவில்லை. அந்தத் தெளிந்த தண்ணீருக்குள்தான், வீணா, அத்தனையும் இருந்தது! குளத்தின் அடியில் நாலணா போட்டால் தலை தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். எனக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும் என்று அன்று முழுக்க யோசித்தபடி இருந்தேன்.

அம்மோனியா இன்னும் பச்சைதான், ஆனால் வெளிர்ப்பச்சை. பெரிய மீனுக்காக வேண்டிக்கொள்.

உன் அப்பா
பெருமாள்சாமி


ஆஸ்டின் டவுன்,
பெங்களூர்.
நவம்பர் 6

என் அன்பு மகள் வீணாவுக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போயிற்று. பட்டாசுப் புகை உள்ளே வரக் கூடாது என்று ஜன்னல்களை அடைத்து ஈரத்துணி கட்டினேன். இந்த மனுசன் எனக்கு ஜுரம் வந்தப்போகூட இப்படிச் செய்ததில்லை என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். உனக்காக எடுத்துவைத்த அதிரசம் டப்பாவில் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் எறும்புதான் சாப்பிடும் என்கிறாள்.

இனி தொட்டி. அம்மோனியா பதினைந்தாம் நாள் முழு மஞ்சளுக்கு வந்தது. குதிக்காத குறைதான். க்ளெனிடம் ஓடினேன். அவன் இன்னொரு மருந்தைச் சொட்டு விட்டான், குழாய் கத்தரிப்பூ நிறமானது. அது இன்னொரு விஷமாம், நைட்ரைட். முதல் கூட்டம் ஒரு விஷத்தைத் தின்று இதை விட்டுவைக்கிறதாம். இதைத் தின்ன இரண்டாவது கூட்டம் இனிமேல்தான் பெருக வேண்டுமாம். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யாதீங்க அங்கிள். தண்ணிய மாத்துங்க, தீனியக் கொறைங்க, கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றான். சும்மா இருப்பதுதான் எனக்கு வராதே. ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பத்தாம் நாள் காலை குழாய் வானநீலமாக நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை, ஒரு கூட்டம் விட்டதை இன்னொரு கூட்டம் எடுத்துக்கொண்டது. அதை என் கண் முன்னால், என் வீட்டு ஹாலில் செய்தன.

போன வாரம் ஒரு நாள் லீவு போட்டேன். இதற்கு என்று லீவு போட்டேன் என்று சூப்பர்வைசர் லாயிடிடம் சொல்ல முடியுமா, பல்வலி என்றேன். காலை ஒன்பது மணிக்குத் தொட்டி விளக்கு எரிந்ததும் நாற்காலியைப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பொத்தான் லேசாகப் பிளந்தது. பக்கத்தில் இன்னொன்று. பச்சை, நடுவில் ஆரஞ்சு, ஓரத்தில் கண்ணிமை மாதிரி மெல்லிய மயிர். பத்தரை மணிக்குள் முப்பத்தொன்று விரிந்தன. முன்பு அறுபதுக்கு மேல் இருந்ததாக அம்மா சொல்கிறாள். மீதியை நான் கொன்றிருக்கிறேன். ஆனால் இந்த முப்பத்தொன்றும் திறந்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கை கூப்பிவிட்டேன். கோவிலில்கூட நான் அவ்வளவு சீக்கிரம் கை கூப்புகிறவன் இல்லை, உனக்குத் தெரியும்.

கம்பி பிரஷால் நான் சுரண்டிய இரண்டு கற்களையும் அன்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றின் விளிம்பில் கடுகு அளவுக்கு ஒரு ஊதாப் புள்ளி வந்திருக்கிறது. பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. தினமும் பார்க்கிறேன்.

இதையெல்லாம் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நூறு லிட்டர் தண்ணீரைக் காப்பாற்ற நான், அம்மா, க்ளென், மூன்று பேர் ஒரு மாதம் அல்லாடியிருக்கிறோம். அவ்வளவு பெரிய கடலை யார் பார்த்துக்கொள்கிறார்கள், யார் கழுவுகிறார்கள் என்று க்ளெனைக் கேட்டேன். "யாரும் கழுவறதில்ல அங்கிள். நாம கெடுக்காம இருந்தாப் போதும். கெடுத்துட்டோம், அதுக்குத்தான் உங்க பொண்ணு அங்க போயிருக்கு" என்றான். செத்துக்கொண்டிருக்கும் பவளத்திலிருந்து உயிருள்ள துண்டுகளை எடுத்து, கம்பிச் சட்டத்தில் கட்டி, கடலுக்கடியில் நாற்று மாதிரி வளர்க்கிறாய் என்று அவன்தான் எனக்கு விளக்கினான். என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்பதை ஈஜிபுராவில் ஒரு மீன்கடையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. நல்ல பையன், தொட்டிகளைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டான்.

கல்லுக்கும் புழுவுக்கும் காவல் என்று சொன்னேனே வீணா, அது தெரியாதவன் சொன்ன வார்த்தை. திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தெரியாமல் சொன்னேன் என்பது சாக்கு ஆகாது. நீ எத்தனையோ தடவை சொல்ல வந்தாய், நான்தான் காது கொடுக்கவில்லை.

போன ஞாயிறு நீ அம்மாவிடம் பேசிவிட்டு வைக்கும் முன்னால், க்ளப்பிலிருந்து வந்த கையைத் தொட்டிக்குள் விடுவதற்கு முன் அப்பா நன்றாகக் கழுவுகிறாரா, தோலில் க்ளோரின் ஒட்டியிருக்கும் என்று கேட்டாயாம். அம்மா வந்து சொன்னாள். அப்படியானால் என் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு நீ திட்டவில்லை, இதைத்தான் கேட்டிருக்கிறாய். அம்மாவை இரண்டு தடவை அதையே திருப்பிச் சொல்லச் சொன்னேன். கழுவுகிறேன் வீணா. முழங்கைக்கு மேல் வரை, ஆர்.ஓ. தண்ணீரில், மூன்று முறை.

பெரிய மீன் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது. அதற்கு ஒரு ஜோடி வாங்கலாமா, கொஞ்ச நாள் போகட்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் இனி அந்தத் தொட்டியில் ஒன்றும் செய்ய மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போனை நான் எடுக்கிறேன். எடுத்ததும் அம்மா இருக்கிறாளா என்று கேட்டுவிடாதே. எனக்கு என்ன பேசுவது என்று தெரியாது, வார்த்தை வராது. நீ பாட்டுக்கு உன் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிரு. சிக்னல் இருக்கும்வரை சொல். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தண்ணீருக்குள் இறங்கும்போதெல்லாம் நீ பத்திரமாக மேலே வர வேண்டும். அங்கே உன்னைச் சுற்றி இருக்கும், கண்ணுக்குத் தெரிகிற தெரியாத எல்லா உயிரும் என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உன் அப்பா
பெருமாள்சாமி